பழி ஓரிடம், பாவம் ஓரிடம்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து ஓய்வாக உட்காரும்போது படித்தால் போதும். அவசரம் ஒன்றும் இல்லை.

உங்களில் சிலருடைய பிள்ளைகள் இப்போது அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கிறார்கள். "சனிக்கிழமை மேட்ச் இருந்தால் எங்க ஊரே காலி தாத்தா, எல்லாரும் ஸ்டேடியத்துலதான்" என்று பேரன் முறையாகும் ஒருவன் தொலைபேசியில் சொல்வான். அந்த விளையாட்டின் வரலாற்றை நான் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். ஆட்ட நுணுக்கம் எனக்கு வேண்டியதில்லை. அதில் வருகிற ஒரு நியாயக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வாத்தியார் வேலை பார்த்தவன் யாராக இருந்தாலும் அந்தக் கேள்வி விடாது.

கேள்வி இதுதான். ஒரு கல்லூரி விளையாட்டு அணியில் பெரிய முறைகேடு நடக்கிறது. செய்தவர்கள் சிலர், மூடி மறைத்தவர்கள் சிலர். விஷயம் வெளியே வந்து தண்டனை இறங்கும்போது அங்கே இருப்பவர்கள் வேறு பிள்ளைகள். அந்தத் தண்டனையை அவர்கள் சுமக்கலாமா?

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்திக் கட்டுப்படுத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. 1906ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அவர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடுவது. பெரிய கல்லூரி மைதானங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல்கூட உட்காருவார்கள். தொலைக்காட்சிப் பணம், நுழைவுச்சீட்டுப் பணம், முன்னாள் மாணவர்களின் நன்கொடை எனக் கோடிக்கணக்கில் புரளும். ஆனால் ஆடுகிற பையனுக்கு நெடுங்காலம் கிடைத்தது படிப்பு, தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றுக்கான உதவித்தொகை மட்டுமே. கையில் காசு வாங்கினால் குற்றம்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். பொதுவாக ஒரு மாணவனுக்கு நான்கு ஆட்டப் பருவங்கள்தான். அதில் ஒன்று போனால் போனதுதான். மறு தேர்வு எழுதித் தேறுவதுபோல அதைத் திரும்பப் பெற முடியாது.

இனி இரண்டு வழக்குகளைப் பார்ப்போம்.

முதல் வழக்கு டெக்சாஸ் மாநிலம் டல்லாஸ் நகரில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். எஸ்.எம்.யூ. என்பார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்த அணி கொடிகட்டிப் பறந்தது. 1982இல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. எரிக் டிக்கர்சன் என்ற புகழ்பெற்ற வீரர் அங்கிருந்து வந்தவர்தான். ஆனால் பணக்கார ஆதரவாளர்கள் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தார்கள். என்.சி.ஏ.ஏ. பலமுறை எச்சரித்துத் தண்டித்தது. 1985இல் மூன்று ஆண்டுக் கண்காணிப்பும் விதித்தது. அதற்குப் பிறகும் 1985-86 கல்வியாண்டில் 13 ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் 61,000 டாலர் போய்ச் சேர்ந்தது.

1986 நவம்பரில் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் உண்மையைப் போட்டு உடைத்தார். 1987 பிப்ரவரி 25 அன்று தீர்ப்பு வந்தது. 1987ஆம் ஆண்டின் ஆட்டங்கள் அனைத்தும் ரத்து. 1988இல் சொந்த மைதானத்தில் ஆடக் கூடாது. வெளியூரில் சில ஆட்டங்கள் மட்டும் ஆடலாம். ஆள் தேறாது என்று பல்கலைக்கழகமே 1988ஐயும் கைவிட்டது. இந்தத் தண்டனைக்குப் பத்திரிகைகள் சூட்டிய பெயர் 'மரண தண்டனை'.

தீர்ப்பு வந்து ஒரு வாரத்துக்குள் இன்னொரு வெடி வெடித்தது. டெக்சாஸ் ஆளுநர் பில் கிளெமென்ட்ஸ் அதற்கு முன் அந்தப் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவின் தலைவராக இருந்தவர். கண்காணிப்பு விதித்த பிறகும் பணம் கொடுப்பதைத் தொடர, தானும் சம்மதித்ததாக அவரே ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்து, படிப்படியாக நிறுத்துவதாகத் திட்டமாம்! அதன் பிறகும் அவர் தம் ஆளுநர் பதவிக்காலத்தை 1991 வரை முழுதாக முடித்துவிட்டுத்தான் போனார்.

பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? வேறு கல்லூரிக்குப் போகிறவர்கள் உடனே ஆடலாம் என்று சலுகை கொடுத்தார்கள். பல கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் அந்த வளாகத்துக்கே வந்து ஆட்டக்காரர்களை அழைத்துப் போனார்கள். 1989இல் அணி மறுபடி களம் இறங்கியபோது பெரும்பாலும் முதலாண்டுப் பையன்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திடம் 95-21 என்று தோற்றார்கள். எதிரணியில் இருந்தவர்கள் வயதிலும் உடல்கட்டிலும் பெரியவர்கள். இவர்கள் நேற்றுவரை பள்ளிக்கூடத்தில் ஆடியவர்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பணம் கைமாறியது 1985-86இல். 1989இல் அடி வாங்கிய அந்தப் பையன்கள் அப்போது ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். 1989 முதல் 2008 வரை இருபது பருவங்களில் அந்த அணி தோல்வியைவிட அதிக வெற்றி கண்டது ஒரே ஒரு பருவத்தில்தான். தண்டனை விதித்தது இரண்டு ஆண்டுக்கு. அனுபவித்தது இருபது ஆண்டு.

இரண்டாவது வழக்கு கனமானது. இங்கே காசு விவகாரம் இல்லை, குழந்தைகள். பெற்றோர்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

பென்சில்வேனியாவில் உள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். ஜோ பட்டர்னோ என்ற தலைமைப் பயிற்சியாளர் அங்கே 1966 முதல் அணியை நடத்தியவர். படிப்பும் ஒழுக்கமும் முக்கியம் என்று சொல்லி நாடு முழுவதும் மதிப்புப் பெற்றவர். அவருக்குக் கீழே நெடுங்காலம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெர்ரி சாண்டஸ்கி. நலிந்த குடும்பத்துச் சிறுவர்களுக்காக 1977இல் ஓர் அறக்கட்டளை தொடங்கியவர். அந்த அறக்கட்டளை வழியாகப் பழக்கமான சிறுவர்களையே அவர் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார். 1998இல் ஒரு தாய் புகார் கொடுத்தார், வழக்குப் பதிவாகவில்லை. 2001இல் அணியின் குளியலறையில் ஒரு சிறுவனோடு அவரைப் பார்த்த உதவியாளர், பட்டர்னோவிடம் சொன்னார். பட்டர்னோ மேலதிகாரிகளிடம் சொன்னார். காவல்துறைக்கு யாரும் சொல்லவில்லை. பத்து ஆண்டுகள் கழிந்தன. அந்தப் பத்து ஆண்டுகளில் வேறு சிறுவர்களும் பாதிக்கப்பட்டார்கள்.

2011 நவம்பர் 5 அன்று சாண்டஸ்கி கைதானார். நவம்பர் 9 இரவு பட்டர்னோ பதவி நீக்கப்பட்டார். 2012 ஜூனில் 45 குற்றங்கள் நிரூபணமாகி, சாண்டஸ்கிக்குக் குறைந்தது 30 ஆண்டு, அதிகபட்சம் 60 ஆண்டுச் சிறை கிடைத்தது. பல்கலைக்கழகமே அமர்த்திய லூயிஸ் ஃப்ரீ குழு 2012 ஜூலை 12 அன்று அறிக்கை கொடுத்தது. உயர் பதவியில் இருந்தவர்கள் உண்மையை மறைத்தார்கள் என்றது. பட்டர்னோ குடும்பத்தார் அதை மறுத்தார்கள். அவர் அந்த ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

அறிக்கை வந்த பதினோராம் நாள், ஜூலை 23 அன்று, என்.சி.ஏ.ஏ. தலைவர் மார்க் எம்மர்ட் தண்டனையை அறிவித்தார். வழக்கமான தனி விசாரணை நடக்கவில்லை. 6 கோடி டாலர் அபராதம். நான்கு ஆண்டுகள் பருவ இறுதிப் போட்டிகளில் ஆடத் தடை. உதவித்தொகை பெறும் ஆட்டக்காரர் எண்ணிக்கை 85இலிருந்து 65ஆகக் குறைப்பு. 1998 முதல் 2011 வரை பெற்ற 112 வெற்றிகள் ஏட்டிலிருந்து நீக்கம்.

இங்கேயும் கணக்குப் போடுவோம். 2012இல் அந்த அணியில் இருந்தவர்கள் 18 முதல் 22 வயதுக்காரர்கள். 2001இல் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தபோது இவர்களுக்கு வயது ஏழிலிருந்து பதினொன்று. அதாவது, பாதிக்கப்பட்ட சிறுவர்கள் வயதுதான் இவர்களுக்கும். அந்தக் குற்றத்துக்கு இவர்கள் பதில் சொல்ல வேண்டுமா?

வேறு கல்லூரிக்கு மாறலாம், உடனே ஆடலாம் என்று இவர்களுக்கும் கதவு திறந்துவிடப்பட்டது. சிலர் போனார்கள், அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இறுதியாண்டு மாணவர்களான மைக்கேல் மௌட்டியும் மைக்கேல் ஜோர்டிச்சும் தோழர்களைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று செய்தியாளர்கள் முன் சொன்னார்கள். முதல் இரண்டு ஆட்டங்களில் தோல்வி. பருவ முடிவில் 8 வெற்றி, 4 தோல்வி. கோப்பை எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே ஆடிய ஆட்டம் அது.

சரி, மறுபக்க நியாயத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? வகுப்பில் நான் எப்போதும் சொல்வேன், எதிர்க்கட்சிக்காரன் பேசி முடிக்கும்வரை உன் தீர்ப்பை எழுதாதே என்று.

அவர்கள் சொல்வது இது. வெற்றி வந்தபோது "நம் அணி, நம் கல்லூரி" என்று எல்லோரும் மார் தட்டினார்கள். மாணவர்களும் தட்டினார்கள். அந்தப் பெருமையில் பங்கு கேட்டவர்கள் அவமானத்தில் மட்டும் எப்படி ஒதுங்க முடியும்? இன்னொன்று, பென் ஸ்டேட்டில் உண்மை ஏன் மூடப்பட்டது? கால்பந்தின் பெயர் கெடக் கூடாது என்பதற்காகவும்தானே? அப்படியானால் அந்தக் கால்பந்தின் மேல் கை வைக்காமல் நாலு அதிகாரிகளை மட்டும் நீக்கினால், அடுத்த ஊரில் இருக்கிறவன் என்ன பாடம் கற்றுக்கொள்வான்? மாட்டினால் நாலு பேர் போவார்கள், அணி நிற்கும் என்றுதானே? பட்டர்னோ நீக்கப்பட்ட இரவில் மாணவர்கள் சிலர் தெருவில் இறங்கித் தொலைக்காட்சி வண்டியைக் கவிழ்த்தார்கள். அந்த ஊரில் விளையாட்டு மோகம் எவ்வளவு தலைக்கேறியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எஸ்.எம்.யூ. வழக்கில் மென்மையான தண்டனைகளை எல்லாம் கொடுத்துப் பார்த்து, எதற்கும் அவர்கள் அஞ்சவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதே பென் ஸ்டேட்டில் இரண்டு நாள் கழித்து, நவம்பர் 11 இரவு, ஆயிரக்கணக்கான மாணவர்கள் மெழுகுவத்தி ஏந்திப் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காகக் கூடினார்கள். வண்டியைக் கவிழ்த்தவர்களும் மாணவர்கள், மெழுகுவத்தி ஏந்தியவர்களும் மாணவர்கள். "மாணவர்கள்" என்று மொத்தமாக ஒரு பெயர் சொல்லித் தண்டித்தால் இந்த இரண்டு கூட்டத்தையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

இந்த இடத்தில் நம் கண்ணகி நினைவுக்கு வருகிறாள். மதுரையை எரித்தவள் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் சிலப்பதிகாரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: நெருப்பை ஏவும்போதே யார் யாரைத் தொடக் கூடாது என்றும் அவள் சொல்லிவிடுகிறாள். முதியோரும் குழந்தைகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கணவனை இழந்து கொதித்து நின்ற ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்தில் இருந்த பிரித்தறியும் நிதானம், கூட்டம் போட்டு ஆவணம் எழுதித் தண்டிக்கிற அமைப்புக்கு இருக்க வேண்டாமா?

என் மனத்துக்குப் படுவதைச் சொல்கிறேன். தண்டனை வேறு, விளைவு வேறு. திருட்டுப் பணத்தில் ஒருவன் வீடு கட்டினால், அந்த வீட்டைப் பறிமுதல் செய்யும்போது அவன் பிள்ளைகளும் தெருவுக்கு வருவார்கள். அது வருத்தம்தான். ஆனால் அநியாயம் என்று சொல்ல முடியாது. அந்த வீடு அவர்களுடையதாக என்றைக்கும் இருந்ததில்லை. அதே பிள்ளைகளை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காதே, பரீட்சை எழுத விடாதே என்று சொன்னால் அது அநியாயம். பரீட்சையில் அவர்கள் எடுக்கப்போகிற மதிப்பெண் அவர்களுடைய சொந்த உழைப்பு.

விளையாட்டுக்கும் இதே அளவுகோல்தான். குறுக்கு வழியில் வாங்கிய கோப்பையைப் பிடுங்கு, அந்த ஆட்டங்களில் சம்பாதித்த பணத்தைப் பிடுங்கு. அதில் மாணவருக்கு நஷ்டம் வந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். இனி ஆடப்போகும் ஆட்டத்தைப் பிடுங்காதே. அது இன்னொருவன் வியர்வை. மாணவர்களே தவறு செய்திருந்தால் அது வேறு கதை. 1951இல் நியூயார்க் சிட்டி காலேஜ் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள், சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு புள்ளிகளைக் குறைத்து ஆடியதற்காகக் கைதானார்கள். செய்தவன் கையிலேயே பழி. அதில் எனக்குக் கேள்வியே இல்லை.

பெரியவர்கள் தப்பிப் போவதுதான் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. கலிஃபோர்னியாவில் யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்தின் நட்சத்திர வீரர் ரெஜி புஷ் சலுகைகள் வாங்கிய வழக்கில் 2010 ஜூனில் தண்டனை வந்தது. புஷ் 2006லேயே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் பீட் கேரல் அந்த ஆண்டு ஜனவரியில் சியாட்டில் அணிக்குப் போய்விட்டார். இரண்டு ஆண்டுத் தடையும் 30 உதவித்தொகைகளின் இழப்பும் மிச்சமிருந்த பையன்களின் தலையில் விழுந்தன. எய்தவன் ஊரைவிட்டே போய்விட்டான், அம்பை நோகிறார்கள்.

பென் ஸ்டேட் தண்டனையும் முழுதாக நிற்கவில்லை. 2013இலிருந்து உதவித்தொகைகள் படிப்படியாகத் திரும்பின. 2014 செப்டம்பரில் தடை நீங்கியது. 2015 ஜனவரியில் ஒரு வழக்கின் சமரசத்தில் 112 வெற்றிகளும் மீண்டும் ஏட்டில் ஏறின. நிறுவனத்துக்கு எல்லாம் திரும்பிவிட்டது, பாருங்கள். ஆனால் 2012, 2013 பருவங்களோடு படிப்பை முடித்துப் போனவர்களுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? பொறுப்பில் இருந்த பல்கலைக்கழகத் தலைவரும் இரண்டு அதிகாரிகளும் குழந்தைகளை ஆபத்தில் விட்ட குற்றத்துக்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றது 2017இல்தான். பையன்களுக்குப் பதினோரு நாளில் தீர்ப்பு; பெரியவர்களுக்கு ஐந்தாறு ஆண்டு.

அந்த அபராதத்தை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் பணிகளுக்கு அந்தப் பணம் ஒதுக்கப்பட்டது. அபராதம் கட்டுவதற்காக வேறு எந்த விளையாட்டையும் நிறுத்தக் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. தண்டனை என்றால் இப்படி, காயம் பட்ட இடத்துக்கு மருந்தாகப் போய்ச் சேர வேண்டும். இந்த விவாதத்தில் ஆட்டக்காரர்களுக்காக வாதாடும்போது, அந்தச் சிறுவர்களை மறந்துவிடக் கூடாது. அவர்கள் இழந்தது ஆட்டப் பருவம் அல்ல, குழந்தைப் பருவம். நிரபராதி மாணவனின் நான்கு ஆண்டைப் பறிப்பதால் அவர்களுக்கு எள்ளளவும் நியாயம் கிடைத்துவிடாது என்பதுதான் என் கட்சி.

என்.சி.ஏ.ஏ.வும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2022 ஜனவரியில் ஏற்றுக்கொண்ட புதிய அமைப்பு விதியில், முறைகேட்டில் சம்பந்தமில்லாத மாணவர்களைக் கூடுமானவரை தண்டிக்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். 2023 ஜூலையில் டென்னசி பல்கலைக்கழகக் கால்பந்தில் 200க்கு மேற்பட்ட விதிமீறல்கள் நிரூபணமாயின. பருவ இறுதிப் போட்டித் தடை விதிக்கவில்லை. 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் போட்டார்கள். அப்போதைய தலைமைப் பயிற்சியாளரை வேறு கல்லூரி எளிதில் வேலைக்கு எடுக்க முடியாதபடி ஆறு ஆண்டுக் கட்டுப்பாடு போட்டார்கள். இது சரியான வழி. இதிலும் ஓட்டை உண்டு: பணக்காரக் கல்லூரிக்கு அபராதம் என்பது டிக்கெட் வாங்குவதுபோல ஆகிவிடலாம். அதனால் பணத்தோடு நிற்காமல், கையெழுத்துப் போட்ட ஆளைத் துரத்திப் பிடிக்கிற கட்டுப்பாடும் கட்டாயம் வேண்டும். அவர் எந்த ஊருக்குப் போனாலும் அது கூடவே போக வேண்டும்.

வரலாறு சில சமயம் விசித்திரமாகத் திரும்பும். 2021 ஜூலை முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதலாண்டு வரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். எஸ்.எம்.யூ.வுக்கு 'மரண தண்டனை' வாங்கிக் கொடுத்தது வெறும் 61,000 டாலர்! விதியை மீறியது அன்றைக்குத் தவறுதான். ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் காலத்தை விலையாகக் கொடுத்துக் காத்த விதி, ஒருநாள் காற்றோடு போய்விட்டது.

இன்னும் ஒன்று. 2024 டிசம்பர் 21. தேசியக் கோப்பைக்கான முதல் சுற்று. பென் ஸ்டேட் மைதானத்தில் உறைபனிக் குளிர், ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். எதிரணி எது தெரியுமா? எஸ்.எம்.யூ. தண்டனை வாங்கிய இரண்டு கல்லூரிகளும் நேருக்கு நேர். 38-10 என்று பென் ஸ்டேட் வென்றது. கல்லூரிகள் பிழைத்துக்கொண்டன. கட்டடம் நின்றது, பெயர் நின்றது, கூட்டமும் திரும்பி வந்துவிட்டது. 1989இல் 95 புள்ளி வாங்கி நின்ற பையன்களுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும்.

நிறுவனங்களுக்கு ஆயுள் அதிகம். காத்திருந்து எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளும். மாணவப் பருவத்துக்கு ஆயுள் நான்கே ஆண்டு. தண்டனை எழுதுகிறவர்கள் பேனாவை எடுக்கும் முன் இந்த ஒரு வித்தியாசத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

உங்களில் இன்று தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், அலுவலகத்தில் மேலாளர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்களும் இருக்கிறீர்கள். உங்கள் கருத்து வேறாக இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள். வாத்தியாரோடு வாதாடினால் இப்போது மதிப்பெண் குறையாது.

எல்லோரும் நலமாக இருங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.